சபுரான பிள்ளை

போர் முடிந்த வருடம் வடக்கில் ஒரு முகாமுக்குப் போனோம். உங்களில் மூத்தவர்கள் இரண்டு பேர் என்னோடு வந்தீர்கள், மறந்திருக்க மாட்டீர்கள். தாய் தகப்பன் யாரென்று தெரியாத கைக்குழந்தைகளை ஒரு தகரக் கொட்டகைக்குள் வைத்திருந்தார்கள். உள்ளே வரிசையாகப் பாய் விரித்து, பாய்க்கொரு பிள்ளை. எங்களைக் கூட்டிப் போன தொண்டர் பிள்ளை பெருமையோடு சொன்னாள்: “ஒரு கரைச்சலும் இல்லை மிஸ். அழவே மாட்டினம். அவ்வளவு நல்ல பிள்ளையள்.”

நான் வெளியே வந்து, தண்ணீர் பவுசர் வண்டிக்குப் பின்னால் நின்று வாந்தி எடுத்தேன். நீங்கள் வெயில் என்று நினைத்து சோடா தேடி ஓடினீர்கள். நான் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் உள்ளே போய், ஒவ்வொரு பாயாக நின்று, “இந்தப் பிள்ளையைத் தூக்குகிறது யார்? நேற்றுத் தூக்கியது யார்? நாளைக்கு யார்?” என்று கேட்டேன். “எல்லாரும்தான் மிஸ், முறை வைச்சுத் தூக்குறம்” என்று சொல்லும்போதே அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. முறையை மாற்றச் சொல்லிப் பொறுப்பாளரிடம் மல்லுக்கு நின்றேன். கொஞ்சம் மாற்றினார்கள், முழுதாக மாற்ற அவர்களிடம் ஆள் இல்லை. திரும்பி வரும்போது வான் வண்டியின் பின் ஆசனத்தில் ஒருவர், “மெடத்துக்கு வயது போகுது” என்று முணுமுணுத்தார். என் காது அப்போது நன்றாகத்தான் கேட்டது.

இப்போது உண்மையாகவே வயது போய்விட்டது, ஓய்வும் பெற்றுவிட்டேன். அந்தக் கொட்டகையில் எனக்கு என்ன வந்தது என்று கேட்கும் துணிவு உங்களில் ஒருவருக்கும் இருக்கவில்லை. ஆகவே கேட்காமலே சொல்கிறேன்.

நீங்கள் இன்று அதே ஆய்வுகூடத்தில் அதே மூளைக்கலங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் சேர்ந்த காலத்தில் மூளையின் துணைக்கலங்களுக்கு ஒரு மரியாதையும் கிடையாது. நரம்புக்கலங்கள்தான் துரைமார். மற்றதெல்லாம் கண்ணாடிச் சாமான் பெட்டிக்குள் அடைக்கும் வைக்கோல் மாதிரி, சும்மா இடம் நிரப்ப என்றுதான் பலரும் நினைத்தார்கள். வளரும் மூளையில் எந்த இணைப்பு தங்கவேண்டும், எது போகவேண்டும் என்பதில் அந்த வைக்கோலுக்கும் கை இருக்கிறது என்று நீங்கள் இப்போது பாடமாகப் படிக்கிறீர்கள். சுனாமி வந்த வருடம் எங்களுக்கு அது வெறும் சந்தேகம். தாயிடமிருந்து பிரித்த எலிக்குஞ்சுகளின் மூளையை நுணுக்குக்காட்டியில் பார்க்கும்போது அந்தக் கலங்கள் வேறு மாதிரித் தெரிந்தன. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. அந்தச் சந்தேகத்தை அப்படியே மேசையில் விட்டுவிட்டு, டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போனேன்.

எங்கள் ஊர் கல்முனைக் கரையில். அங்கே பெண் பிள்ளைக்குத்தான் வீடு. மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவார். ஒரு தாயின் பெண்மக்கள் ஒரே வளவுக்குள் அடுத்தடுத்து வீடு கட்டிக்கொண்டு இருப்பார்கள். அதனால் கடல் ஒரு வளவுக்குள் புகுந்தால் மூத்தம்மா, உம்மா, சாச்சிமார் என்று அந்தக் குடும்பத்துப் பெண்கள் எல்லாரையும் ஒரேயடியாகக் கொண்டுபோய்விடும். அந்த ஞாயிறு வரைக்கும் இப்படி ஒன்று நடக்கலாம் என்று எங்களில் ஒருவரும் நினைத்துப் பார்த்ததில்லை.

எங்கள் வீடு பெரிய வீதிக்கு மேற்கே இருந்தபடியால் தண்ணீர் வாசலோடு நின்றது. பக்கத்து வீட்டில் ஜெஸீமா. அவளுக்கு ஓடித்திரிகிற ஒரு மகன், அடுத்து முலைகுடிக்கிற ஆண்குழந்தை ஒன்று. புருசன் றபீக், கடற்கரை வளவில் பிறந்தவன், பெண்கட்டி மேற்கே வந்தவன். அன்று பௌர்ணமி, போயா விடுமுறை. காலையிலேயே சின்னவனைத் தூக்கிக்கொண்டு உம்மாவுக்குக் காட்டக் கடற்கரைக்குப் போயிருந்தான். அங்கே அவனுடைய தங்கச்சிக்கும் ஏறக்குறைய அதே வயதில் ஒரு பெண்குழந்தை.

வீதியில் நானும் ஜெஸீமாவும் நின்றுகொண்டிருந்தோம். கிழக்கே இருந்து சனங்கள் உடுப்பில்லாமல், ஒரு சொல் பேசாமல் ஓடிவந்தார்கள். அதற்குள்ளே றபீக் வந்தான். நெஞ்சோடு சேற்றுத் துணிப் பொட்டலம் ஒன்று. இரண்டு குழந்தைகளையும் இரண்டு கையில் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறான். தண்ணீர் அடித்துப் புரட்டியபோது இரண்டும் கைவிட்டுப் போக, கையில் பட்ட ஒன்றை எட்டிப் பிடித்திருக்கிறான். “மகன் இரிக்கான், மகன் இரிக்கான்” என்று சொல்லிக்கொண்டே அதை ஜெஸீமாவின் கையில் கொடுத்தான். அவள் முந்தானையால் முகத்துச் சேற்றைத் துடைத்தாள்.

அது அவன் தங்கச்சியின் மகள்.

ஜெஸீமா குழந்தையை என் கையில் வைத்துவிட்டு, வீதியிலேயே குந்திவிட்டாள். றபீக் அவளைப் பார்த்தான், என் கையிலிருந்த பிள்ளையைப் பார்த்தான், திரும்பிக் கடற்கரைக்கே ஓடினான். அன்றைக்கு நான் பார்த்ததில் இதுதான் எனக்குப் பெரியது. மையித்துகளைப் பார்த்தேன், பள்ளிவாசல் முற்றம் நிறையப் பிணமாகப் பார்த்தேன். ஆனால் இன்றைக்கும் என்னை உலுக்கி எழுப்புவது, முகம் துடைத்த அந்தக் கை அப்படியே நின்றதுதான்.

அடுத்த நாளே வயற்பக்கத்துப் பாடசாலை ஒன்று முகாமாகியது. கடல் திரும்ப வரும் என்ற பயத்தில் வீடு தப்பியவர்களும் அங்கேதான் வந்து கிடந்தோம். குழந்தையின் உம்மா, வாப்பா, மூத்தம்மா, சாச்சிமார் எல்லாரும் மவுத்து. தாய்வழிக் குடியில் அதைத் தூக்க ஒரு பெண்ணும் மிஞ்சவில்லை. றபீக் உயிரோடு வந்தான், ஆனால் வாய் திறக்கவில்லை. வகுப்பறை வாங்குப் பலகையில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பான். சாப்பாட்டைக் கையில் வைத்தால் சாப்பிடுவான், அவ்வளவுதான்.

இங்கேதான் எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒன்றைச் செய்தார்கள். எங்கள் ஊரில் குடிக்கொரு மரைக்காயர் உண்டு, பள்ளிவாசலில் அந்தக் குடிக்காகப் பேசும் பெரியவர். பள்ளிவாசலில் கந்தூரி என்றாலும் சரி, நோன்புக் கஞ்சி என்றாலும் சரி, குடிக்கொரு முறை வைத்துச் செய்வார்கள். நன்மை ஒரு குடிக்குக் கூடி, இன்னொரு குடிக்குக் குறைந்துவிடக் கூடாது. தாய் தகப்பன் இல்லாத எத்தீம் பிள்ளையைப் பராமரிப்பது எவ்வளவு பெரிய நன்மை! ஆகவே மரைக்காயர்மார் கூடி, அந்தக் குழந்தைக்கும் முறை வைத்துவிட்டார்கள். இன்று ஒரு குடிப் பெண்கள், நாளை இன்னொரு குடி. அந்தக் குடிக்குள்ளேயும் ஆசைப்பட்டவர்கள் மாறி மாறித் தூக்கினார்கள். எல்லாரும் பிள்ளையை இழந்தவர்கள் அல்லது இழந்தவர்களுக்குச் சொந்தம். ஒரு குழந்தையைக் கையில் வைத்திருக்க ஏங்கினார்கள். நிவாரணத்தில் வந்த பால்மாவைக் கரைத்துப் போத்தலில் கொடுத்தார்கள். நல்ல சட்டை போட்டார்கள், பவுடர் பூசினார்கள். அந்த முகாமிலேயே அதிகம் கவனிக்கப்பட்ட பிள்ளை அதுதான்.

முதலில் அழுதது. பிறகு அழுகை குறைந்தது. பிறகு அறவே நின்றது. தூக்கினால் தூக்கியபடி, கிடத்தினால் கிடத்தியபடி. “அல்லாஹ்வே, என்னா சபுரான புள்ள! பட்ட கஷ்டத்துக்கு ஒரு சத்தம் போடுதா பாருங்க” என்று பெண்கள் கண்ணீர் விட்டார்கள். ஆண்கள் வந்து, நாமும் இப்படி சபுராக இருக்கவேண்டும் என்று பார்த்துவிட்டுப் போனார்கள். பொறுமைக்கு அந்தக் குழந்தை அடையாளமாகிவிட்டது.

நான் குனிந்து என் முகத்தை அதன் முகத்துக்கு நேரே கொண்டுபோனேன். என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டிக் கூரையைப் பார்த்தது. மெல்ல இடப்பக்கம் நகர்ந்தேன், கண் என்னோடு வரவில்லை. வேறு மூன்று பெண்களைக் குனியச் சொன்னேன். எந்த முகத்துக்கும் கண் அசையவில்லை. 

நடமாடும் வைத்தியக் குழு வந்து பார்த்தது. காய்ச்சல் இல்லை, நெஞ்சில் சளி இல்லை, சத்தத்துக்கு இமை வெட்டுகிறது, பால் உள்ளே போகிறது. ஆனால் உடம்பு இறங்கிக்கொண்டே போனது. “நோய் ஒண்டும் தெரியல்ல. ஆனா இப்பிடியே போனா தங்காது” என்று அந்த வைத்தியர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

முகாமில் எல்லாருக்கும் நான் ‘மூளை டொக்டர்’. கலாநிதிப் பட்டத்துக்கும் வைத்தியத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போனவள் நான். “நான் எலிக்குத்தான் டொக்டர்” என்றால் பகிடி என்று சிரிப்பார்கள். இப்போது அவர்கள் சிரிக்காமல் கேட்டார்கள்: “டொக்டர், எங்கட புள்ளக்கி என்ன?”

டவுனுக்குப் போய், வரிசையில் நின்று, எங்கள் ஆய்வுகூடத்தில் என்னோடு வேலைசெய்த ஒருவருக்குத் தொலைபேசி எடுத்து, முறை வைத்துத் தூக்குவதுதான் பிள்ளையைக் கெடுக்கிறதோ என்ற என் சந்தேகத்தைச் சொன்னேன். நல்ல மனிதர், கவனமான ஆள். முழுவதும் கேட்டுவிட்டு, “ஒன்றும் சொல்லாதே. எங்களிடம் இருப்பது எலி. அதுவும் அரைகுறை. நீ வைத்தியரும் இல்லை. நீ சொன்ன பிறகு பிள்ளை மவுத்தானால் உன்னைத்தான் கைகாட்டுவார்கள்” என்றார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. உங்களில் யாராவது எனக்கு எடுத்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குள் ஒரே சண்டை. நான் சொன்னது பிழையாகிப்போனால், ஒரு பெண்ணிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு வேறு ஏதோ காரணத்துக்குச் சாகக் கொடுப்போம். நான் வாயை மூடினால், சாட்சி போதாது என்பதற்காகப் பார்த்துக்கொண்டு இருப்போம். தம்பிமாரே, தங்கச்சிமாரே, இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். அப்போது சந்தேகத்தைச் சந்தேகம் என்றே சொல்லுங்கள், ஆனால் சொல்லுங்கள். தெரியும் என்று பொய் சொல்லவும் வேண்டாம், தெரியாது என்று ஒளித்துக்கொள்ளவும் வேண்டாம்.

மரைக்காயர்மாரை விஞ்ஞானகூட அறையில் கூட்டினேன். பெண்கள் பக்கத்துக்கு இடையில் ஒரு படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். பிள்ளைக்கு முறை வைக்க வேண்டாம், ஒரே பெண்ணிடம் கொடுங்கள், ஒரே முகம், ஒரே கை, ஒரே மணம் என்று கேட்டேன். சிறு குழந்தையின் மூளை திரும்பத் திரும்ப வருவதைத்தான் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று எங்களுக்கு ஒரு எண்ணம் இருக்கிறது, இந்தப் பிள்ளைக்குத் திரும்ப வருவதாக ஒருவரும் இல்லை என்றேன்.

“இத எங்க கண்டீங்க?” என்று மூத்த மரைக்காயர் கேட்டார்.

“எலிக்குஞ்சில.”

 “எலிய வெச்சா டொக்டர் எங்கட புள்ளட கதைய கதைக்கிறீங்க?” என்றார். பிறகு கோபத்தை அடக்கிக்கொண்டு, “செரி, நீங்க படிச்ச ஆள். ஒத்தருக்குக் குடுக்கிறெண்டா எந்தக் குடிக்கிக் குடுக்கிற? மத்தக் குடியெல்லாம் என்னா பாவம் செஞ்சிச்சி? அவங்களுக்கு நன்ம வேணாமா?” என்று கேட்டார்.

“நன்மையப் பங்கு போடலாம் மாமா. புள்ளையப் பங்கு போட்டா புள்ள மிஞ்சாது” என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. எங்கள் ஊரில் பெண்பிள்ளை அந்தக் குரலில் மரைக்காயரிடம் பேசுவதில்லை. இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். ஒவ்வொருவரும் தங்கள் குடியில் பொருத்தமான பெண் இருப்பதாகச் சொன்னார்கள். விட்டுக்கொடுக்க ஒருவரும் இல்லை. அன்பினால் சண்டைபிடித்தார்கள், அதுதான் கொடுமை. கூட்டம் குழம்பப் போகிறது என்று நினைத்தேன்.

அப்போது திரைக்குப் பின்னால் இருந்து ஜெஸீமாவின் குரல் கேட்டது. சுனாமிக்குப் பிறகு அவள் அந்தக் குழந்தையைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவள் இருக்கும் பக்கம் அதைக் கொண்டுபோக மாட்டார்கள். யாராவது அதைப் பற்றிக் கதைத்தால் எழுந்து போய்விடுவாள். நெஞ்சில் பால் கட்டி, காய்ச்சல் வந்து, துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு கிடந்தாள்.

“எனக்கிட்டப் பால் இரிக்கி. அதத் தாங்க” என்றாள்.

மூத்த மரைக்காயர் திடுக்கிட்டுப் போனார். “புள்ள, யோசிச்சிக் கதைக்கிறயா? நீ பால் குடுத்தா அது ஒன்ட மூத்தவனுக்குப் பால்குடித் தங்கச்சி. பொறகு கலியாண முற இல்ல. றபீக்குட தங்கச்சிட மகள் ஒன்ட மகனுக்குத்தானே மச்சி?” என்றார். எங்கள் ஊரில் இது சின்ன விசயம் இல்லை. தாய்மாமன் மகனுக்கென்று பிறந்த பெண், போன சனங்களோடு மிச்சமிருந்த ஒரே உறவு முடிச்சு. அதை அவள் ஒரு வாய்ப் பாலில் அறுக்கப் பார்க்கிறாள்.

“உசிரோட இரிந்தாத்தானே மாமா மருமகள்” என்றாள் ஜெஸீமா.

 குழந்தை திரைக்கு உள்ளே போனது.

நான் வென்றுவிட்டேன் என்று நினைத்து உள்ளே எட்டிப் பார்த்தபோது எனக்கு அடுத்த அடி விழுந்தது. அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள், ஆனால் தன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தாள். கண்ணை இறுக்க மூடியிருந்தாள். அந்த முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. நான் கேட்டது ஒரு முகம். கிடைத்தது பால் மட்டும். “குனிந்து பார்” என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. ஒரு தாயிடம் கேட்கக்கூடியதற்கு ஓர் எல்லை இருக்கிறது, அதை அவள் ஏற்கெனவே தாண்டியிருந்தாள்.

நாட்கள் போயின. தூங்கும்போது குழந்தையைத் தன் பாயிலேயே கிடத்தினாள். குளிப்பாட்டினாள், பெயர் சொல்லாமல், கதைக்காமல். அந்த வைத்தியர் திரும்ப வந்தபோது உடம்பு இறங்குவது நின்றிருந்தது. கண் மட்டும் இன்னும் கூரையில்தான். ஒரு பகல் நான் பருப்பு ஆய்ந்துகொண்டு பக்கத்தில் இருந்தேன். பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை கையை நீட்டி ஜெஸீமாவின் மோவாயைப் பிடித்தது. தற்செயலாகப் பட்ட கைதான். அவள் துள்ளிப்போய்க் குனிந்தாள். குனிந்தவள் நெடுநேரம் நிமிரவில்லை. நான் பருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிற்பாடு வெளிநாட்டு நண்பர் ஒருவர் இதைக் கட்டுரையாக எழுதலாம் என்று விடாமல் கேட்டார். மறுத்துவிட்டேன். முலைப்பாலா, ஒரே மடியா, வெறுமனே நாள் போனதா, எது காரணம் என்று எனக்குத் தெரியாது. அந்தக் குழந்தையின் துணைக்கலங்கள் என்ன செய்தன என்று யாரும் பார்க்கவில்லை, பார்க்கவும் கூடாது. ஒரு பிள்ளை சாட்சி ஆகாது. நீங்களும் இதைக் கேட்டுவிட்டு எங்கேயும் மேற்கோள் காட்டவேண்டாம்.

நான் திரும்பிப் போவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, ஒரு காலை, வகுப்பறைக்குள் இருந்து ஒரு கூச்சல் கிளம்பியது. அப்படி ஒரு சத்தத்தை அந்த முகாம் கேட்டதில்லை. அந்த நாட்களில் யாராவது கத்தினாலே போதும், “கடல் வருகுது!” என்று சனம் எழும்பும். அன்றும் எழும்பியது. பிள்ளைகளைப் பறித்துக்கொண்டு ஒரு கூட்டம் வயலுக்குள் இறங்கி மேற்கே ஓடியது. சட்டி உருண்டது. நானும் வாசலுக்கு ஓடி, ஓடியவள் நின்றேன். சத்தம் கடலில் இருந்து வரவில்லை. அந்தக் குழந்தை பாயில் கிடந்து, முகம் கருஞ்சிவப்பாகி, கால் இரண்டையும் உதைத்து வீரிட்டுக்கொண்டிருந்தது.

பெண்கள் மாறி மாறித் தூக்கினார்கள். எந்தக் கையிலும் அடங்கவில்லை. ஒவ்வொரு முகத்தையும் பார்த்தது, நன்றாகப் பார்த்தது, பார்த்துவிட்டு இன்னும் கூடக் கத்தியது. “சபுரா கெடந்த புள்ளய என்னா பாடு படுத்தி வெச்சிரிக்கீங்க டொக்டர்! எலி வேல பாத்திட்டீங்களே!” என்று ஒருத்தி என் மேல் பாய்ந்தாள். நான் வாசற்படியிலேயே குந்திவிட்டேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அது யாரையோ தேடுகிறது. அத்தனை முகங்களிலும் இல்லாத ஒரு முகத்தை.

ஜெஸீமா கிணற்றடிக்குக் குளிக்கப் போயிருந்தாள். தலையில் சவர்க்கார நுரையோடு, ஈரம் சொட்டச் சொட்ட ஓடிவந்தாள். வாங்கில் இருந்த றபீக் எழுந்து, வழியில் நின்றவர்களை இரண்டு கையாலும் விலக்கினான். அவள் குழந்தையை வாங்கி, ஈர நெஞ்சோடு சேர்த்து, அதன் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

“இரிக்கன் மகள்,” என்றாள். “உம்மா இரிக்கன், உம்மா இரிக்கன்.”